மருத்துவரும் மக்கள் தலைவரும்: டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரியின் வாழ்வு தரும் பாடம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவையொட்டி நடைபெற்ற கல்விப் பரிசளிப்பு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

பரிசு பெறும் பிள்ளைகளிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால், பலரும் மருத்துவம் என்றே விடை தருகின்றனர். மகிழ்ச்சி. மருத்துவராகி என்ன செய்யப் போகிறாய் என்பது அடுத்த கேள்வி. அந்த வினாவுக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்த ஒரு பெருமகனாரைப் பற்றிச் சில செய்திகளைக் கூற விழைகிறேன். அவர் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி.

உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில், யூசுப்பூர் என்னும் ஊரில் 1880ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அவர் பிறந்தார். ஹைதராபாத் நிஜாம் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்றார். எடின்பரோவில் உயர் பட்டங்கள் பெற்றார். லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் பணியாற்றினார். அங்கேயே தங்கியிருந்தால் செல்வமும் புகழும் தாமே வந்து சேர்ந்திருக்கும். ஆனால் 1910இல் தாயகம் திரும்பி, டில்லியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். ஒரு சமூகத்தின் பொதுப்பணத்தில் படித்தவன் அச்சமூகத்திற்குக் கடன்பட்டவன் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாக அமைந்தது. நம் ஜமாஅத்தின் கல்வி உதவியைப் பெறும் மாணவர்கள் இதை மனத்திற் கொள்ள வேண்டும்.

அவருடைய முதல் பெரும் பொதுப்பணி மருத்துவப் பணியாகவே அமைந்தது. 1912இல் பால்கன் போர் மூண்டபோது, காயமுற்ற துருக்கி வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்க இந்திய முஸ்லிம்கள் நிதி திரட்டினர். மருத்துவர்களும் தொண்டர்களும் அடங்கிய குழுவுக்குத் தலைமை ஏற்று, அன்சாரி அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறினார். 1913 ஜூலையில்தான் அக்குழு திரும்பியது. பெருகி வந்த தொழில் வருவாயை அரை ஆண்டுக்கும் மேலாக ஒதுக்கி வைத்துவிட்டுக் குண்டுக் காயங்களுக்குக் கட்டுப்போடச் சென்றார் என்றால், அந்த உள்ளத்தை என்னவென்று சொல்வது! ஓர் உயிரைக் காப்பதற்குத் திருமறையின் அல்மாயிதா அத்தியாயம் 32ஆம் வசனம் வழங்கும் மதிப்பை நாம் அறிவோம். அதை அவர் செயலில் காட்டினார்.

அதன்பின் அவர் அரசியலில் முழுமையாக இறங்கினார். காங்கிரசுக்கும் முஸ்லிம் லீகுக்கும் இடையே 1916இல் ஏற்பட்ட லக்னோ உடன்பாட்டுக்கு உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். 1920 ஜனவரியில் வைஸ்ராயைச் சந்தித்த கிலாபத் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவ்வாண்டு நாகபுரியில் கூடிய முஸ்லிம் லீகின் தலைவராகவும் விளங்கினார். 1927 டிசம்பரில் நம் சென்னை மாநகரில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு அவரே தலைவர். சைமன் கமிஷனைப் புறக்கணிப்பது என்ற தீர்மானமும், முழு விடுதலையே இலக்கு என்ற தீர்மானமும், இந்து முஸ்லிம் ஒற்றுமை பற்றிய தீர்மானமும் அங்கேதான் நிறைவேறின.

இத்தனை பொறுப்புகளுக்கு இடையிலும் அவர் மருத்துவத் தொழிலைக் கைவிடவில்லை. இதுவே நாம் கவனிக்க வேண்டிய செய்தி. தம் வாழ்க்கைத் தேவைக்கு அரசியலை நம்பி நிற்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்படவில்லை. தொழிலில் ஈட்டிய பொருளைப் பொதுவாழ்வில் செலவிட்டார். டில்லி தரியாகஞ்சில் இருந்த அவருடைய இல்லம் தேசத் தலைவர்களின் தங்குமிடமாயிற்று. 1931இல் காந்தி இர்வின் ஒப்பந்தப் பேச்சு நடந்த நாட்களில் காந்தியடிகள் தங்கியிருந்தது அந்த வீட்டில்தான்.

1924இல் வகுப்புக் கலவரங்களால் மனம் நொந்த காந்தியடிகள், டில்லியில் மௌலானா முஹம்மது அலி அவர்களின் இல்லத்தில் 21 நாள் உண்ணாநோன்பைத் தொடங்கினார். ஒற்றுமைக்காக நோன்பிருந்தவர் ஓர் இந்து. வீட்டைத் தந்தவர் ஒரு முஸ்லிம். அருகிலிருந்து உடல்நிலையைக் கண்காணித்த மருத்துவர் அன்சாரி. நம்பிக்கை என்பது மேடைப் பேச்சால் வருவதன்று. நோயாளி தன் கையை நீட்ட, மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கும் அந்நேரத்தில் பிறப்பது அது.

பெரியோர்களே! பொதுவாழ்வு அவருக்கு மாலையை மட்டும் சூட்டவில்லை. 1928இல் நேரு அறிக்கையை அவர் ஆதரித்தபோது, கிலாபத் காலத்துத் தோழர்கள் பலர் அவரை விட்டுப் பிரிந்தனர். அவர்கள் கருத்திலும் சமுதாய நலன் பற்றிய கவலை இருந்தது. அதை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆயினும் தமக்குச் சரியென்று பட்டதை, கைதட்டலுக்காக அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1930இல் சிறையும் சென்றார். கசப்பான மருந்தையும் தந்தாக வேண்டியது மருத்துவரின் கடமை. அதே மனத்துணிவை அவர் அரசியலிலும் கடைப்பிடித்தார்.

பதவிகளை விட நிலைத்து நிற்பது அவர் காத்த கல்வி நிறுவனம். 1920இல் அலிகாரில் தோன்றிய ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா, கிலாபத் இயக்கம் ஓய்ந்தபின் நிதியின்றித் தத்தளித்தது. யூனானி மருத்துவ மேதை ஹகீம் அஜ்மல் கானும் அன்சாரியும் அதைத் தாங்கி நின்றனர். 1925இல் அது டில்லிக்கு வந்தது. 1927 டிசம்பர் இறுதியில் ஹகீம் சாஹிப் மறைந்தபின், அன்சாரி அதன் வேந்தர் பொறுப்பை ஏற்றுத் தம் இறுதிவரை வகித்தார். மூடப்படும் நிலையிலிருந்த அந்நிறுவனம் 1988இல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. இரு மருத்துவர்கள் காப்பாற்றிய உயிர் அது என்றால் மிகையாகாது.

1936 மே 10ஆம் நாள், முசோரியிலிருந்து டில்லி திரும்பும் வழியில், இரயிலிலேயே அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் காத்த ஜாமிஆவின் மண்ணிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார்.

இஃதெல்லாம் வடநாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். நம் அண்டை நகரான திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் இருந்தார். 1930 ஏப்ரல் 13இல் இராஜாஜி தலைமையில் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகப் படை புறப்பட்டது அவர் இல்லத்திலிருந்துதான். நம் தஞ்சை மாவட்டத்து வழியே அப்படை நடந்து சென்றது. அந்த மருத்துவரே 1937இல் சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சரானார். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் சட்டமன்றத்தில் தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார்; பின்னாளில் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவினார். எனவே நம் பெண்பிள்ளைகளுக்கும் இது திறந்த வழியே.

இனி நம் கடமை என்ன? மருத்துவர் ஒருவர் அரசியலுக்கு வந்தால், அவர் நம்மவரா என்று மட்டும் பார்ப்பது போதாது. இதுவரை அவர் வாசலில் ஏழைக்கு இடம் இருந்ததா, வந்த நோயாளியின் சாதி மதம் பார்த்தாரா என்று பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுள் மருத்துவராகிறவர்கள் வாரத்தில் ஒரு நாளேனும் பூதலூர் வட்டாரத்து ஏழைகளுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கட்டும். வயலில் நாற்று நடும் சகோதரியும், நம் தெருவில் வாழும் முதியவரும் ஒரே வரிசையில் அமரட்டும். அவசர நோயாளியைத் தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், இரத்தம் தரவும், அரசுக் காப்பீட்டு விண்ணப்பத்தை எழுதித் தரவும் ஜமாஅத் இளைஞர்கள் அணியமாய் இருக்கட்டும். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. நேரமும் நல்லெண்ணமும் போதும்.

இத்தகைய தொண்டிலிருந்து எழுகின்ற தலைமையை எவரும் விலைக்கு வாங்க முடியாது. எளிதில் வீழ்த்தவும் முடியாது. அன்சாரி போன்ற மக்கள் மருத்துவர்களை நம் ஊரிலிருந்தும் எழச் செய்து, நம் பணிகளை ஏற்றுக்கொள்ள எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.