கணக்கில் வராத மணித்தியாலங்கள்



படிக்கிற பிள்ளை வேலைக்கும் போகலாமா என்று நம்மவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சட்டம் பேசுவதற்கு முன்னர் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, பேர்ன் நகரம். நான் ஜிம்னாசியம் முதலாம் ஆண்டு, வயது 16. அப்பாவுக்குப் பகலில் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. மாலையில் கந்தோர்கள் துப்புரவு செய்வார். கிழமையில் மூன்று மாலைகளும் சனிக்கிழமை காலையும் நானும் கூடப் போவேன். அவர் தரையைப் பார்க்க, நான் குப்பைக் கூடைகளை வெறுமையாக்கி மேசைகளைத் துடைப்பேன். சம்பளம் அப்பாவின் பெயரில் வந்தது. எங்கள் வீட்டில் இதற்கு வேலை என்று பெயரில்லை, ‘அப்பாவுக்கு உதவி’ என்றுதான் பெயர்.

அந்த அரையாண்டில் கணிதத்தில் 3.5, பிரெஞ்சில் 3. இங்கே 6 தான் உச்சம், 4 க்குக் கீழே போனால் போதாது என்பது உங்களுக்குத் தெரியும். ‘எங்காவது வேலை செய்கிறாயா?’ என்று வகுப்பாசிரியர் கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். மொழிபெயர்த்தவன் நானே. (இந்தச் சங்கடம் நம் பிள்ளைகள் பலருக்கும் பழக்கம்.) ‘மகன் களைத்துப் போயிருக்கிறான், மாலையில் என்ன செய்கிறான்?’ என்று ஆசிரியர் கேட்டார். ‘இன்னும் கூடப் படிக்கட்டாம்’ என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா தலையாட்டினார். அன்று மாலையும் வேலைக்குப் போனோம்.

திரும்பி வரும்போது ட்ராமில் உண்மையைச் சொன்னேன். அப்பா கோபிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். மூன்று மாலைகளுக்கு 9, சனிக்கிழமை 4, போக வர 4. மொத்தம் 17 மணித்தியாலம். அந்தத் தாளைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிழமை முதல் நான் சனிக்கிழமை மட்டும் போனேன். நான் விட்ட மாலைகளுக்கு அம்மா போனார். கணிதம் தேறியது. பிரெஞ்சு கடைசிவரை 4 ஐத் தாண்டவில்லை, அதற்கு வேலையைக் குறை சொல்ல முடியாது.

1980களில் அமெரிக்காவில் எலன் கிறீன்பேர்கரும் லோரன்ஸ் ஸ்ரைன்பேர்கும் மாணவர் வேலையை ஆராய்ந்தார்கள். பிள்ளை வேலை செய்கிறதா என்பதைவிட எத்தனை மணித்தியாலம் என்பதுதான் முக்கியம் என்றார்கள். படிப்பில் மனமில்லாத பிள்ளைதான் கூட வேலை தேடுகிறது என்று வாதிட்டவர்களும் உண்டு. நம் வீடுகளில் பிள்ளை வேலை தேடிப் போவதில்லை, வேலைதான் வீட்டுக்குள் வருகிறது.

சுவிஸில் 2008 தை முதலாம் திகதி இளையோர் வேலைப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. 13 வயதுக்கு மேற்பட்ட, கட்டாயக் கல்வியில் உள்ள பிள்ளைக்குப் பாடசாலைக் காலத்தில் இலகுவான வேலை மட்டும், நாளுக்கு 3, கிழமைக்கு 9 மணித்தியாலத்துக்கு மேலே கூடாது. தொழிற்பயிற்சியில் இருக்கும் 18 வயதுக்குட்பட்டவரை, தொழிற்பாடசாலைக்கு முதல்நாள் இரவு 8 மணிக்குப் பிறகு வேலை வாங்கக்கூடாது. அடுத்தநாள் வகுப்பில் தூங்கி விழாமல் இருக்கத்தான்.

தொழிற்பயிற்சி என்றாலே முகம் சுருக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். இந்நாட்டு இளையோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அந்த வழியில்தான் போகிறார்கள். தொழில்சார் மத்தூரா 1994 முதல் இருக்கிறது. அதை முடித்து மேலதிகப் பரீட்சை ஒன்றில் தேறினால், 2005 முதல் பல்கலைக்கழகக் கதவும் திறக்கிறது. ஆனால் பயிற்சியே ஒரு முழுக் கிழமை வேலை. அதற்குமேல் இரவுத் துப்புரவையும் ஏற்றினால் எந்தப் பிள்ளை தாங்கும்?

பணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பிள்ளை உழைத்த பணம் பிள்ளையின் பொறுப்பில் என்கிறது சுவிஸ் குடியியல் சட்டத்தின் 323 ஆம் பிரிவு. வீட்டோடு இருக்கும் பிள்ளையிடம் நியாயமான பங்கு கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. முழுச் சம்பளத்தையும் அல்ல.

இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். வேலை செய்கிறாயா என்று எவரையும் கேட்பதில்லை. நேற்று ஆறிலிருந்து ஒன்பது வரை எங்கே இருந்தாய் என்றுதான் கேட்பேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சொன்னாள்: ‘வீட்டில்தான் மாமா, சும்மா. தம்பிக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்க வைத்தேன், அம்மா வேலை.’

தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். எழுதிக்கொண்டிருக்கிறாள்.