கடற்பாசித் தோட்டத்துக்கு வரும் விருந்தாளிகள்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் சான்சிபார் என்று ஒரு தீவு. தான்சானியா நாட்டைச் சேர்ந்தது. வெள்ளை மணலும் நீலக் கடலும் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். கடலில் குளிப்பதோடு முடிவதில்லை. கிராம்பு, பட்டை, ஏலக்காய் விளையும் தோட்டங்களில் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கிறார்கள். 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 'கல் நகரம்' என்ற பழைய ஊரின் சந்துகளில் நடந்து, செதுக்கு வேலை செய்த மரக்கதவுகளைப் பார்க்கிறார்கள். பெண்களிடம் மருதாணி வைத்துக்கொள்கிறார்கள்.

ஆனா வருகிற பணத்தில் பெரும் பங்கு ஓட்டல்காரர்களுக்குத்தான் போகிறது. ஊர்ப் பெண்களுக்கு என்ன மிச்சம்? அதற்குப் பதில் பாஜே என்ற கடலோரக் கிராமத்தில் இருக்கு.

1989-ல் அந்தத் தீவில் கடற்பாசி வளர்ப்பு வியாபாரமாகத் தொடங்கியது. செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கடல் உள்வாங்கும் நேரம் குச்சி நட்டு, கயிறு கட்டி, பாசியை முடிந்து விடுவார்கள். சுமார் ஆறு வாரத்தில் அறுவடை. பற்பசையையும் ஐஸ்கிரீமையும் கெட்டியாக்கும் பொருளை அதிலிருந்துதான் எடுக்கிறார்கள். ஆனா காயவைத்து எடை போட்டால் கிடைப்பது சொற்பக் காசு. போதாக்குறைக்குக் கடல் தண்ணீர் சூடாகி, நல்ல விலை போகும் ரகம் அழிய ஆரம்பித்தது.

பாஜே பெண்கள் சும்மா உட்காரலை. வெளி உதவியோடு ஒரு கடற்பாசி மையம் உருவானது. பாசியைப் பொடியாக்கி, தேங்காய் எண்ணெயும் வாசனைப் பொருளும் சேர்த்து சோப்பு செய்கிறார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளைக் கடல் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். கயிறு கட்டுவதில் இருந்து சோப்பு செய்வது வரை காட்டுகிறார்கள். பார்த்தவர் கையோடு சோப்பும் வாங்குகிறார்.

கௌரவத்தையும் விட்டுக்கொடுக்கலை. பெரும்பாலும் முஸ்லிம்கள் வாழும் தீவு அது. ஊருக்குள் வருபவர் தோளும் முழங்காலும் மூடி வரணும், அனுமதி கேட்டுத்தான் படம் எடுக்கணும்.

நம்ம ராமநாதபுரம் கடலோரத்திலும் பெண்கள் கடற்பாசி எடுக்கிறார்கள், வளர்க்கிறார்கள். மற்ற ஊர்களில் பாய், பானை, கூடை இருக்கு. நமக்குத் தினப்படி வேலை. வெளியூர்க்காரருக்கு அது புதுமை. காட்டினால் காசு உண்டு. ஆனா கட்டணத்தை யார் வாங்குவது, கணக்கு நோட்டு யார் கையில், எதைக் காட்டுவது, எதைக் காட்டக் கூடாது என்பதை முதலில் குழுவில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். வேலை நம்முடையது என்றால் முடிவும் நம்முடையதா இருக்கணும்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் காட்டத்தக்க ஒரு வேலையைச் சொல்லுங்கள்.