சாவி யார் பையில்?

எலக்ட்ரீஷியன் டிரேடில் இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்திருக்கும் மக்களே,

ஐ.டி.ஐ. மாணவர்களுக்கும் பட்டமளிப்பு விழா என்ற வழக்கம் நாடு முழுவதும் 2022 செப்டம்பர் 17, விஸ்வகர்மா ஜெயந்தி அன்றுதான் தொடங்கியது. எங்கள் காலத்தில் சான்றிதழை ஆபீஸில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். இன்று உங்கள் அப்பா அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு நிறைகிறது.

நான் பேச வந்தது உங்களிடம் வேலை கற்க வரப்போகும் பிள்ளையைப் பற்றி. சீக்கிரமே வந்துவிடும் அந்த நாள்.

நம் மயிலாடி சிற்பப் பட்டறைகளில் உளிச் சத்தத்தோடு இப்போது கிரைண்டர் சத்தமும் சேர்ந்துவிட்டது. கல் அறுக்கும்போது பிளேடு சூடேறாமல் இருக்கத் தண்ணீர் விடுகிறார்கள். தரையெல்லாம் கல் சேறு, அதில் வெறுங்கால், கையில் கரண்ட் மெஷின். அப்படி ஒரு பட்டறையில், கரண்ட் கசிந்தால் அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. நிற்காமல் டிரிப் ஆகிக்கொண்டிருந்தது. "வேலை நிக்குது, டைரக்ட் பண்ணி விட்டுருங்க" என்றார் உரிமையாளர். என்னோடு வந்த அப்ரண்டிஸ் பெண், "அது மட்டும் முடியாதுண்ணே" என்றாள்.

எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தாள். கட்டிங் மெஷினைப் போட்டதும் டிரிப் ஆனது. அதன் வயரைக் கையால் தடவிக்கொண்டே போனாள். சேற்றுக்கு அடியில் டேப் சுற்றிய ஒரு ஜாயின்ட். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகரை வைத்தால் முள் பூஜ்ஜியத்தை விட்டு எழவில்லை. அந்த ஆர்.சி.சி.பி. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே அணைந்துவிடும். ஏழு வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்ட் அவ்வளவுதான். ஆனால் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக மார்பு வழியே ஓடினால் இதயத் துடிப்பு தடம் புரண்டுவிடலாம்.

அந்தப் பெண்ணுக்குத் தைரியம் எங்கிருந்து வந்தது? முடியாது என்று சொன்னால் நான் அவள் பக்கம் நிற்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கற்றுக்கொடுக்காமல் ஸ்டார்-டெல்டா கனெக்‌ஷன் மட்டும் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை வேலைக்குப் போகிறவர்கள் உங்களில் இருப்பீர்கள். அங்கே 690 வோல்ட்டில் உற்பத்தியாகி 33 கிலோவோல்ட்டுக்கு ஏறுகிற மெஷின்கள் உண்டு. ஆனி ஆடிக் காற்றில் ஒரு மணி நேரம் மெஷின் நின்றாலும் நஷ்டம் என்பதால் அவசரப்படுத்துவார்கள். பிரேக்கரை ஆஃப் செய்து பூட்டுங்கள். சாவி மேலே ஏறுகிறவர் பையில் இருக்கட்டும். ஏறுவது நேற்றுச் சேர்ந்த பிள்ளையானாலும் சாவி அவன் பையில்தான். டெஸ்டரை முதலில் லைவ் லைனில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் லைவில் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். கெப்பாசிட்டர் இருக்கும் பேனலில் ஆஃப் செய்த உடனே கைவைக்க விடாதீர்கள்.

இன்னொன்று. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, வேலையில் காயம்பட்ட அப்ரண்டிஸுக்கும் தொழிலாளியைப் போலவே இழப்பீடு உண்டு. ஒப்பந்தம் முறையாகப் பதிவாகியிருந்தால்தான் அதைக் கேட்டு வாங்குவது எளிது. உங்கள் கீழ் வரும் பிள்ளைக்கு ஒப்பந்தம் பதிவாகியிருக்கிறதா என்று முதல் வாரமே விசாரியுங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரியாது.