நூறு ஆடுகளை எண்ணியவர்

(வானொலி மறையுரை)



ஜனவரி மாதத்தில் நம் வட்டார ஏரிக்கரைகளில், விடியற்காலையில், சிலர் தொலைநோக்கியும் குறிப்பேடுமாக நிற்பதைக் காணலாம். நீர்ப்பறவைகளை எண்ண வந்தவர்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி, ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிறது. தமிழக வனத்துறையும் ஈரநிலங்களில் ஒரே நாட்களில் கணக்கெடுக்கிறது. ஏன் ஒரே நாளில்? இன்று செம்பரம்பாக்கத்தில் இருக்கும் நாரைக் கூட்டம் நாளை ஸ்ரீபெரும்புதூர் ஏரியில் இறங்கலாம். ஒரே பறவையை இருமுறை எண்ணிவிடக் கூடாதல்லவா?

பெருங்கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை பிடிக்கும் இடத்தைக் கண்ணில் நிறுத்திக்கொண்டு, அந்த அளவால் கூட்டம் முழுவதையும் அளக்கிறார்கள். நத்தைக்குத்தி நாரை நம் ஊர்ப் பறவை. ஊசிவால் வாத்து இமயத்துக்கு அப்பாலிருந்து வருவது. இரண்டும் கணக்கில் சேரும். ஒன்றுமே இல்லாத ஏரிக்கும் பூஜ்யம் என்று எழுதவேண்டும். எழுதினால்தான் போன ஆண்டு இருந்தது இந்த ஆண்டு இல்லை என்பது தெரியும்.

தாவீது அரசரும் ஓர் எண்ணிக்கை எடுத்தார். வாளேந்தக்கூடிய ஆண்களை மட்டும் எண்ணினார். பிறகு அவருடைய நெஞ்சமே அவரை உறுத்தியது. நூறு ஆடு வைத்திருந்த ஆயரும் எண்ணினார். எண்ணாமல் ஒன்றைக் காணோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அரசர் தம் பலத்தை அறிய எண்ணினார். ஆயர் எண்ணியது யாரைக் காணோம் என்று அறிய.

ஒரகடம் பக்கம் தொழிற்சாலை வாசல்களில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் எண்ணிக்கை உண்டு. எத்தனை கைகள் வந்தன என்னும் கணக்கு அது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள், இரவு ஷிப்ட் முடித்து, தூக்கக் கண்ணோடு ஞாயிறு முதல் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்கிறார்கள். பங்குப் பதிவேட்டில் குடும்பங்களுக்குத்தான் பக்கம். தனியாக வந்தவர்களுக்கு இல்லை. ஒரு பிள்ளை நான்கு ஞாயிறு வராவிட்டால், காய்ச்சலா, வேலை போயிற்றா, ஊருக்கே திரும்பிவிட்டாரா என்று யார் விசாரிப்பது?

இந்தத் தொழிற்பகுதியிலுள்ள நம் கோயில்களின் வாசலில் ஒரு நோட்டு வைப்போம். பெயர், தங்கும் விடுதி, சொந்த ஊரில் ஒருவரின் தொலைபேசி எண். இவ்வளவு போதும். தமிழ் எழுதத் தெரியாதவர் இந்தியில் எழுதட்டும். அன்பியப் பொறுப்பாளர்கள் மாதம் ஒருமுறை அதைப் புரட்டிப் பார்த்து, வராதவரின் விடுதிக்கு இருவராகப் போய் வரட்டும். அதற்கு முன்பே, வருகிற ஞாயிற்றுக்கிழமை, கடைசி வரிசைக்குப் போய் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து பெயரைக் கேட்போம்.