கூரை மின்சாரமும் குடியிருப்போர் கணக்கும்

மும்பை மாநகரின் வடகிழக்கு எல்லையில் அமைந்துள்ள முலுண்டுக்கு மின்சாரம் வழங்குவது மாநில அரசுக்குச் சொந்தமான மகாவிதரண் நிறுவனமாகும். இங்கு மக்கள் பெரும்பாலும் அடுக்குமாடிக் கட்டடங்களில் வாழ்கின்றனர். ஆகவே கூரை என்பது தனி ஒருவரின் உடைமையன்று. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் பொதுச் சொத்து. மின்தூக்கி, நீரேற்றும் பம்பு, படிக்கட்டு விளக்கு ஆகியவற்றுக்கான செலவும் பொதுச் செலவே.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி இல்லங்களை இலக்காகக் கொண்டது. அதற்கான நிதி ரூ.75,021 கோடி. தனி வீடுகளுக்கு அதிகபட்சமாக ரூ.78,000 மானியம் உண்டு. வீட்டுவசதிச் சங்கங்களின் பொதுத் தேவைகளுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு ரூ.18,000 அளிக்கப்படுகிறது. இத்துணைப் பொதுப்பணம் செலவிடப்படும்போது, நிறுவப்பட்ட தகடுகள் உரிய பலனைத் தருகின்றனவா என்பதை அறிவது இன்றியமையாதது.

மாதந்தோறும் வரும் மின்கட்டணச் சீட்டு இதனைத் தெரிவிக்குமா? தெரிவிக்காது. இருவழி மீட்டர் இரண்டு அளவுகளை மட்டுமே காட்டும்: மின்வலையிலிருந்து பெற்றது, மின்வலைக்கு அளித்தது. பகலில் உற்பத்தியாகி, அப்பொழுதே கட்டடத்திற்குள் செலவாகும் மின்சாரம் அந்த மீட்டரை எட்டுவதேயில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு சங்கம் 10 கிலோவாட் தகடுகளை நிறுவியுள்ளது எனக் கொள்வோம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் வீதம், மாத உற்பத்தி 1,200 யூனிட். அதில் 500 யூனிட் மின்வலைக்குச் செல்கிறது. 700 நேரடியாகப் பயன்படுகிறது. இரவில் 600 யூனிட் பெறப்படுகிறது. எனவே உண்மையான நுகர்வு 1,300 யூனிட். கட்டணத்துக்குரியது 100 யூனிட் மட்டுமே.

அடுத்த மாதம் மின்வலைக்கு அளித்தது 300 யூனிட்டாகக் குறைகிறது, பெற்றது மாறவில்லை. கட்டணத்துக்குரியது 300 யூனிட்டாக உயர்கிறது. இதற்குக் காரணம் யாது? உற்பத்தி 1,000 யூனிட்டாகக் குறைந்திருந்தால், நுகர்வு மாறவில்லை. குறை தகடுகளில் உள்ளது. உற்பத்தி 1,200 யூனிட்டாகவே இருந்தால், நுகர்வு 1,500 யூனிட்டாகப் பெருகியுள்ளது. இரு நிலைகளிலும் கட்டணச் சீட்டு ஒன்றே; பரிகாரமோ வெவ்வேறு. முன்னதில் தகடுகளைச் சோதித்தல் வேண்டும். பின்னதில் பம்பையும் விளக்குகளையும் ஆராய்தல் வேண்டும்.

உற்பத்தி குறைவதற்குப் பல காரணங்கள் உண்டு. கோடையில் தூசி படிகிறது. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு உயரமானவை எழும்போது நிழல் விழுகிறது. தொடராக இணைக்கப்பட்ட தகடுகளுள் ஒன்றின்மீது விழும் நிழல் ஏனையவற்றின் உற்பத்தியையும் பாதிக்கக்கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலத்தில் மேகமூட்டத்தால் ஏற்படும் குறைவோ இயல்பானது. ஆகவே ஒரு மாதத்தை முந்தைய மாதத்தோடன்றி, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுதலே முறை.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. உற்பத்தி அளவை இன்வெர்ட்டரின் திரையிலேயே காணலாம். உற்பத்தி, அளித்தது, பெற்றது என்னும் மூன்று எண்களை, மீட்டர் கணக்கெடுக்கப்படும் நாளிலேயே சங்கச் செயலாளர் ஓர் ஏட்டில் பதிந்து, அறிவிப்புப் பலகையில் வெளியிடலாம். உற்பத்தியிலிருந்து அளித்ததைக் கழித்துப் பெற்றதைக் கூட்டினால் உண்மையான நுகர்வு கிடைத்துவிடும். நிறுவப்பட்ட கிலோவாட் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் திட்டத்தின் வெற்றியை அளவிடும் அதிகாரிகளுக்கும் இந்த ஏடு நல்லதொரு பாடமாகும். தகடு நிறுவுதல் திட்டத்தின் தொடக்கமே. அது ஆண்டுதோறும் தரும் யூனிட்டுகளே அதன் பயன்.