கொடிவழி காணல்: அமெரிக்காவில் ஒரு குடும்பம்



பாட்டனாரின் பெயரை அறியாதவர் இரார். முப்பாட்டனாரின் பெயரை அறிந்தவர் சிலரே. அதற்கும் அப்பால் சென்றால் பெரும்பாலோர்க்கு இருள்தான். பிறந்த ஊரிலேயே வாழ்வோர்க்கு நிலப் பத்திரங்களும், குலதெய்வக் கோயிலும், ஊர்ப் பெரியோரின் நினைவும் துணை நிற்கும். பிழைப்பை நாடி மாநிலம் விட்டு மாநிலம் வந்த நம் போன்றோர்க்கு அந்தத் துணையும் அருகிவிடுகிறது. ஆகவே, பெரும்பாலும் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்களாலும், வலிந்து கொண்டுவரப்பட்டவர்களாலும் பெருகிய அமெரிக்காவில் மக்கள் தம் முன்னோரை எவ்வாறு தேடிக் காண்கின்றனர் என்பதை அறிவது நமக்குப் பயன் தரும். அதனை ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கொண்டே இன்று விளக்க எண்ணுகின்றேன். அது வர்ஜீனியா மாநிலத்தில் தோன்றிய ஹெமிங்ஸ் என்னும் குடும்பம்.

அந்நாட்டில் கொடிவழி தேடுவோர் முதலில் நாடுவது குடிக்கணக்கு. 1790ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை அது எடுக்கப்பட்டு வருகிறது. தனிமனிதரைப் பற்றிய குறிப்புகள் 72 ஆண்டுகள் மறைவாகக் காக்கப்பட்டுப் பின்னரே பொதுமக்கள் பார்வைக்கு வரும். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவ்வாறு திறந்து வைக்கப்பட்டது. 1890ஆம் ஆண்டுக் கணக்கின் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் மூண்ட தீயினால் கெட்டுப் பின்னர் அழிந்தது. ஒரு தலைமுறைக் காலத்தையே அத்தீ கொண்டுசென்றது என்று அங்குத் தேடுவோர் இன்றும் வருந்துவர்.

ஆயினும், தீயினும் கொடியது ஒன்று உண்டு. அது எழுதாமல் விடுவது. 1840 வரையிலான கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மனைவி மக்கள் வெறும் எண்ணிக்கை. 1850இல்தான் உரிமை பெற்ற மக்கள் அனைவர் பெயரும் ஏறின. அடிமைகளுக்கு அவ்வாண்டிலும் 1860லும் தனிப் பட்டியல் வகுக்கப்பட்டது. அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவை வரிசையாக இருக்கும். பெயர் மட்டும் பெரும்பாலும் இராது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை 1865இல் ஒழிந்தபின், 1870ஆம் ஆண்டுக் கணக்கில்தான் கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு தோன்றுகின்றனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடிப் பின்னோக்கிச் செல்லும்போது பெரும்பாலும் 1870 என்னும் மதிலில் முட்டி நிற்கின்றனர். அம்மதிலைக் கடக்க வேண்டுமாயின், தம் முன்னோரை உடைமையாகக் கொண்டிருந்தவர் யார் என்று அறிந்து, அவருடைய உயிலிலும், விற்பனைப் பத்திரத்திலும், சொத்துப் பட்டியலிலும் தேட வேண்டும். கட்டிலுக்கும் கறவை மாட்டுக்கும் இடையில் பாட்டியாரின் பெயரைக் காண நேரும்.

ஹெமிங்ஸ் குடும்பத்தின் வேர் எலிசபெத் என்னும் பெண். அவர் ஏறத்தாழ 1735இல் பிறந்தவர். தாய் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர், தந்தை ஹெமிங்ஸ் என்னும் ஆங்கிலக் கப்பல் தலைவர், தம் குழந்தையை விலை கொடுத்து வாங்க அவர் முயன்றார், எசமானர் மறுத்துவிட்டார். இது அக்குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த செய்தி. வர்ஜீனியாவில் 1662ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டிருந்தது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தந்தை யாராயினும் சரி என்பது அதன் சாரம். அதனால் இக்குடும்பத்தின் கொடி தாய்வழியாகவே படர்கிறது. எழுத்தில் நிற்பது தாயின் பெயர். தந்தையின் பெயர் வாய்மொழியில் மட்டுமே வாழ்கிறது.

எலிசபெத்தின் உடைமையாளர் ஜான் வேல்ஸ் என்னும் செல்வர். அவருக்கும் எலிசபெத்துக்கும் ஆறு பிள்ளைகள் பிறந்தனர் என்பர். அவர்களில் இளையவர் சாலி. பிறந்த ஆண்டு 1773. அதே ஆண்டில் வேல்ஸ் இறந்தார். அவருடைய சொத்தில் ஒரு பங்கு, முறையாக மணந்த மனைவிக்குப் பிறந்த மகள் மார்த்தாவுக்கும், அவருடைய கணவருக்கும் சேர்ந்தது. 135 அடிமைகளும் அப்பங்கில் அடங்குவர். அக்கணவர்தாம் பின்னர் 1776ஆம் ஆண்டின் விடுதலைப் பிரகடனத்தை வரைந்தவரும், அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவராய் விளங்கியவருமான தாமஸ் ஜெபர்ஸன். ஆக, சாலி தம் உடன்பிறந்தாளுக்கே உடைமையாகி, மாண்டிசெல்லோ என்னும் மலைமேல் மாளிகைக்கு வந்து சேர்ந்தார்.

ஜெபர்ஸன் எதனையும் குறித்து வைக்கும் இயல்பினர். அவருடைய பண்ணைக் குறிப்பேட்டில் அடிமைகளின் பெயர், பிறந்த நாள், அளிக்கப்பட்ட துணி, போர்வை ஆகிய அனைத்தும் உள்ளன. சாலியின் பிள்ளைகளின் பிறப்பும் அதில் உண்டு. தந்தையின் பெயர் மட்டும் இல்லை. ஆவணங்களை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய ஏடுகளில் மற்றொன்றும் கண்ணில் படுகிறது. அக்காலத்து வர்ஜீனியர் அடிமை என்னும் சொல்லைப் பலகாலும் தவிர்த்து, பணியாளர் எனப் பொருள்படும் சொல்லையே வழங்கினர். அதனை அப்படியே தமிழில் 'பணியாளர்' என்று எழுதினால் சொல் சரியாகும், செய்தி பொய்யாகும். ஏட்டைப் படிப்பவர் எழுதியவரின் கூச்சத்தையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

சாலி தம் பதினான்காம் வயதில், 1787ஆம் ஆண்டு, ஜெபர்ஸனின் இளைய மகளுக்குத் துணையாகப் பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கு ஜெபர்ஸன் அமெரிக்கத் தூதராக இருந்தார். மனைவியை இழந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. பிரெஞ்சு மண்ணில் சாலி விடுதலை கோரியிருக்கலாம். பிறக்கும் பிள்ளைகளை இருபத்தோராம் வயதில் விடுவிப்பதாக ஜெபர்ஸன் வாக்களித்ததன் பேரிலேயே 1789இல் அவர் திரும்பினார் என்று சாலியின் மகன் மாடிசன் பின்னாளில் கூறினார். சாலியின் பிள்ளைகளில் வளர்ந்து ஆளானவர் நால்வர்: பெவர்லி, ஹாரியட், மாடிசன், எஸ்டன். முதலிருவரும் 1822இல் பண்ணையை விட்டுச் சென்றனர். தடுப்பாரும் இல்லை, தேடுவாரும் இல்லை. நிறத்தால் வெள்ளையரை ஒத்திருந்த அவர்கள், வெள்ளையர் சமூகத்திலேயே கலந்து மறைந்தனர்.

ஜெபர்ஸன் 1826ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் மறைந்தார். உயிலின்படி ஐவர் விடுதலை பெற்றனர். மாடிசனும் எஸ்டனும் அவர்களுள் இருவர். எஞ்சியோரின் கதை வேறு. ஜெபர்ஸன் விட்டுச்சென்ற கடன் ஒரு லட்சம் டாலருக்கும் மேற்பட்டது. அதனைத் தீர்க்க 1827ஆம் ஆண்டு ஜனவரியில் 130 அடிமைகள் ஏலத்துக்கு விடப்பட்டனர். எலிசபெத்தின் பேரரும் கொல்லருமான ஜோசப் பாசெட் உயிலால் விடுதலை பெற்றவர். ஆயின், அவர் மனைவி ஈடித்தும் பிள்ளைகளும் வெவ்வேறு கைகளுக்கு விற்கப்பட்டனர். அவர் பட்டறையில் உழைத்து, தம் குடும்பத்தினரைச் சிறிது சிறிதாக விலைகொடுத்து மீட்டார். பதினோராம் வயதில் விற்கப்பட்ட மகன் பீட்டர், 1850ஆம் ஆண்டளவில்தான் விடுதலை பெற்றார். ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் சமய போதகராக விளங்கினார். 1900ஆம் ஆண்டில், முதிய வயதில், மாண்டிசெல்லோவை மீண்டும் கண்டார்.

சாலி தம் இரு மைந்தரோடு அருகிருந்த சார்லட்ஸ்வில் நகரில் வாழ்ந்து 1835இல் காலமானார். 1830ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு இவர்களை வெள்ளையர் என்கிறது. 1833இல் எடுக்கப்பட்ட தனிக் கணக்கோ சாலியைக் கலப்பினத்தார் என்கிறது. மூன்றாண்டில் மாறியது அம்மூதாட்டியின் நிறமன்று, எழுதியவரின் கண். அரசாங்க ஏட்டில் இருப்பதாலேயே ஒன்று முற்றும் உண்மை ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதற்குப் பின் கொடி இரு கிளையாகப் பிரிகிறது. மாடிசன் ஒஹையோ மாநிலம் சென்று தச்சுத் தொழில் செய்து, கறுப்பினத்தவராகவே வாழ்ந்தார். 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுக்க வந்தவர், இவர் ஜெபர்ஸனின் மகன் என்று அவர் பெயருக்கு அருகில் குறித்து வைத்தார். 1873இல் மாடிசனின் வாழ்க்கைக் கூற்று அவ்வூர்ப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. முற்பாட்டியார் தொடங்கித் தம் பிள்ளைகள் வரை அனைத்தையும் அதில் கூறினார். எஸ்டனோ 1852இல் விஸ்கான்ஸின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, ஜெபர்ஸன் என்று பெயரை மாற்றிக்கொண்டு, வெள்ளையராக வாழ்ந்தார். அவர் மகன் ஒருவர் உள்நாட்டுப் போரில் வடவர் படையின் அதிகாரியானார். மாடிசனின் வழியினர் பாட்டியின் கதையைத் தலைமுறைதோறும் சொல்லி வந்தனர். எஸ்டனின் வழியினர் அதனைச் சொல்லாமல் விட்டனர். 1940களில், தாம் ஜெபர்ஸனின் தந்தையுடன் பிறந்தவர் ஒருவர் வழி வந்தோர் என்று பிள்ளைகளுக்குக் கூறத் தலைப்பட்டனர்.

வரலாற்றாசிரியர் பலர் நூறாண்டுக்கு மேலாக மாடிசனின் கூற்றை ஏற்கவில்லை. ஜெபர்ஸனின் பேரப்பிள்ளைகள், சாலியின் பிள்ளைகளுக்குத் தந்தை ஜெபர்ஸனின் சகோதரி மகன்களில் ஒருவரே என்று கூறியிருந்தனர். அவர்கள் வாக்கு பெரிதாயிற்று. ஜெபர்ஸன் பன்னாள் வெளியூரில் தங்கியவர். எனினும் சாலிக்குக் கருவுற்ற காலம் ஒவ்வொன்றிலும் அவர் மாண்டிசெல்லோவில் இருந்தார் என்பது அவருடைய குறிப்புகளாலேயே புலனாயிற்று. அதுவும் பலரை அசைக்கவில்லை. ஆனெட் கார்டன்-ரீட் என்னும் சட்டப் பேராசிரியை 1997இல் வெளியிட்ட நூலில், ஒரு வினாவை எழுப்பினார். எசமானர் குடும்பத்தின் வாய்மொழி சான்றாகும். அடிமைக் குடும்பத்தின் வாய்மொழி வதந்தியாகுமோ?

அடுத்த ஆண்டே மரபணுச் சோதனை நடந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோம் என்னும் கூறு தலைமுறைதோறும் பெரிதும் மாறாது தொடர்வது. ஜெபர்ஸனுக்கு மணவழியில் வளர்ந்த ஆண்மகவு இன்மையால், அவருடைய பெரியப்பாவின் ஆண்வழியினரிடமிருந்து குருதி பெற்றனர். எஸ்டனின் ஆண்வழித் தோன்றலின் கூறு அதனோடு பொருந்தியது. சகோதரி மகன்களின் குடும்பத்தோடு பொருந்தவில்லை. இச்சோதனை, தந்தை ஜெபர்ஸன் குலத்து ஆண்மகன் ஒருவர் என்பதை மட்டுமே காட்டும். இன்னார் எனச் சுட்டாது. ஏடுகளையும் காலக் கணக்கையும் வாய்மொழியையும் ஒருங்கே சீர்தூக்கி, மாண்டிசெல்லோவைப் பேணும் அறநிலையம் 2000ஆம் ஆண்டில் தாமஸ் ஜெபர்ஸனே தந்தை என்பது பெரிதும் உறுதி என்று அறிவித்தது. மறுப்போர் சிலர் இன்றும் உளர். 2018இல் சாலியின் வாழ்வைக் கூறும் காட்சிக்கூடம் ஒன்று அம்மாளிகையிலேயே திறக்கப்பட்டது.

ஆயின், வாய்மொழி எல்லாம் மெய் என்று முடிவு கட்டிவிடலாகாது. தாமஸ் உட்ஸன் என்பவர் சாலியின் தலைமகன் என்று அவர் வழியினர் பல தலைமுறையாக நம்பி வந்தனர். அதே சோதனையில் அவர்கள் கூறு ஜெபர்ஸன் குலத்தோடு பொருந்தவில்லை. ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் சொல் உறுதி பெற்றது. மற்றொரு குடும்பத்தின் சொல் தளர்ந்தது. ஏடு வாய்மொழியைச் சோதிக்க வேண்டும். வாய்மொழி ஏட்டைச் சோதிக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம்பியவர் இக்குடும்பத்தின் வரலாற்றில் வழி தவறவே செய்தனர்.

நேயர்களே! நம் குடும்பங்களின் நிலை வேறு. எனினும், நினைக்க வேண்டுவன சில உண்டு. தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிறந்த நம் பிள்ளைகளுக்குப் பெயரின் முன்னுள்ள முதலெழுத்து எதனைக் குறிக்கிறது என்பதே சில வேளைகளில் தெரிவதில்லை. ஊர்ப்பெயர் முதலில் உதிர்கிறது. பிறகு பாட்டனார் பெயர் உதிர்கிறது. பெண்களின் பெயரோ தொடக்கத்திலிருந்தே பல பட்டியல்களில் இல்லை. தந்தைவழியில் ஏழு தலைமுறை சொல்ல வல்லவரும், தாயைப் பெற்ற பாட்டியின் தாய் பெயரைக் கேட்டால் திகைப்பர். எலிசபெத் என்னும் ஒரு தாயின் பெயர் நிலைத்தமையால் அல்லவா அங்கு ஒரு குலமே தன்னை அறிந்துகொண்டது?

ஆதலின், வீட்டில் முதியோர் இருக்கும்போதே அவர்களிடம் கேளுங்கள். பெயர், ஊர், தொழில், எந்த ஆண்டில் எவர் எதற்காக ஊரை விட்டார் என்பவற்றைத் தமிழில் எழுதுங்கள். சொன்னவர் யார், எழுதிய நாள் எது என்பதையும் குறியுங்கள். கேட்டதும் ஏட்டில் உள்ளதும் மாறுபட்டால் ஒன்றை அடித்துவிடாமல் இரண்டையும் எழுதுங்கள். பின்வருவோர் ஆராய்ந்து கொள்வர். பெருமைக்குரியவற்றை மட்டும் எழுதிச் சிறுமை எனத் தோன்றுவதை மறைக்க வேண்டா. எஸ்டனின் வழியினர் அவ்வாறு மறைத்ததை, 1970களில் வெளியான ஒரு வரலாற்று நூலில் தம் முன்னோரின் பெயரைக் கண்டே அவ்வழிப் பெண்மணி ஒருவர் அறிய நேர்ந்தது. நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நூலில் தேடும் நிலை வேண்டா. அவர்களுக்கு வேண்டியதை இந்த வாரமே நாம் எழுதத் தொடங்கலாம். ஒரு குறிப்பேடு போதும்.