கதைப் புத்தகமும் கமக்காரன் தமிழும்

(கமக்காரர் மிகுந்து வாழும் ஊரொன்றின் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



இந்நிலையத்தின் வரவு செலவு அறிக்கையைச் செயலாளர் சற்று முன்னர் வாசித்தார். புதினத்தாள்களுக்கு ஒரு தொகை, விளையாட்டுக்கு ஒரு தொகை, மின்சாரத்துக்கு ஒரு தொகை அதிலே இருந்தன. ‘நூல்கள்’ என்ற தலைப்பின் எதிரே ஒரு கோடு மட்டுமே இருந்தது. காரணம் வினவினோம். ‘பரீட்சைப் புத்தகமென்றால் வாங்கலாம், கதைப் புத்தகத்துக்கு ஆர் காசு குடுக்கிறது?’ என்று நிர்வாக சபைப் பெரியவர் ஒருவர் கேட்டாராம். அவரும் இச்சபையில் வீற்றிருக்கிறார். அவர்மீது எமக்குள்ள மதிப்பு என்றும் குறையாது. எனினும் தீர்ப்பு வந்தால் மேன்முறையீடு செய்வது எமது தொழில். ஆதலின் இன்று கதைப் புத்தகத்தின் சார்பிலே தோன்றுகின்றோம்.

தமிழை எழுதிப் பிழைப்போரில் நாமும் ஒருவர். ஆனால் நாம் எழுதும் தமிழை எவரும் விரும்பிப் படித்ததாக வரலாறு இல்லை. ஈடு, ஒற்றி, முதுசம், தேடிய தேட்டம் என்று தேசவழமை நமக்குத் தந்த சொற்கள் அருமையானவை. ஒல்லாந்தர் காலத்திலே தொகுக்கப்பெற்று இன்றுவரை வாழ்பவை. ஆயினும் அவை உறுதியிலே மாத்திரம் வாழ்கின்றன. உறுதியை மக்கள் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறார்கள். கதையையோ வாயிலே வைத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலின் முன்னோர் சிலர் இதனை எங்களுக்கு முன்பே உணர்ந்திருக்கவேண்டும். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியிட்ட வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். 1885இல் ‘அசன்பேயுடைய கதை’யை வெளியிட்ட சித்திலெப்பை கண்டியிலே பிறக்கிராசி. சட்டத் தமிழில் சலிப்புற்றுத்தான் கதைக்குப் போனார்களோ என்று நாம் வேடிக்கையாக எண்ணுவதுண்டு.

எமது இளமைப் பருவம் பொருளாதாரத் தடைக் காலம். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக அளந்து, ஜாம் போத்தல் விளக்கிலே படித்த காலம். பத்திரிகைகளுக்கே தாள் இல்லை. கொப்பித் தாளிலே செய்தி அச்சான நாட்களும் உண்டு. அந்நாளில் எமது வீட்டில் இருந்த செல்வம் ‘பொன்னியின் செல்வன்’. அது கடையில் வாங்கிய நூலன்று. 1950 முதல் ‘கல்கி’ இதழில் தொடராக வந்த அத்தியாயங்களைப் பேத்தியார் வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துக் கட்டுவித்தது. ஒரு கட்டுக்குத் தொடக்கம் இல்லை, ஒன்றுக்கு முடிவில்லை. 1995 இடப்பெயர்வின் பின்னர் மிஞ்சியது ஒரே ஒரு கட்டு. கோடிக்கரையிலிருந்து படகு நம் கரைக்கு வரும் பகுதி அதில் இருந்தமையால், கதை முழுவதும் இலங்கையில் நடப்பதாகவே நெடுநாள் எண்ணியிருந்தோம்!

அந்த ஒரு கதை நம்மவர் நாவிலே செய்த வேலை சிறிதன்று. நம் ஊர்களில் உள்ள பூங்குழலிகளுக்குப் பெயர் எங்கிருந்து வந்தது? பூங்குழலி கல்வெட்டில் இல்லாதவள், கல்கி புனைந்தவள். வானதி, அருள்மொழி முதலிய பெயர்கள் வீட்டுப் பெயர்களானதும் அவ்வழியேதான். ஒற்றன், புரவி, சதியாலோசனை என்ற சொற்களைப் பள்ளிக்கூட வாசல் மிதியாதவரும் பொருள் கேளாமல் விளங்கிக்கொண்டனர். மேடைப் பேச்சாளராகிய நாங்களும் அக்கதைகளிலிருந்து வாளும் வேலும் கடன் வாங்கியிருக்கிறோம். சில வேளைகளில் அளவுக்கு மிஞ்சியே வாங்கிவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம்.

தமிழ்நாட்டிலே சி. பா. ஆதித்தனார் என்ற பாரிஸ்டர், 1942இல் ‘தினத்தந்தி’யைத் தொடங்கித் தேநீர்க் கடையில் இருப்பவனுக்கும் விளங்கும் தமிழில் எழுதவேண்டும் என்றார். மு. வரதராசனார் எளிய தூய தமிழிலே நாவல் எழுதினார். அதைப் படித்த மாணவர் தலைமுறையொன்று கடிதம் எழுதும் முறையையே மாற்றிக்கொண்டது. இலக்கண நூல் செய்யாததைக் கதை செய்தது.

ஆனால் பெரியோர்களே, இதற்கு மறுபக்கமும் உண்டு. வாரந்தோறும் கப்பலேறி வந்த சஞ்சிகைகளிலே பழகிய நம் எழுத்தாளர் பலர், கொக்குவிலிலே வாழும் மாந்தரைக் கும்பகோணத்துப் பேச்சிலே பேசவைத்தனர். மன்னியும் அத்திம்பேரும் யாழ்ப்பாணத்து அடுக்களைக்குள் வந்து அமர்ந்தார்கள். பின்னர் ஒரு தலைமுறை எழுந்து, இம்மண்ணின் பேச்சையே எழுதுவோம் என்றபோது, அதனை இழிசனர் வழக்கு என்று பழித்தவர்களும் நம்மவரே. அவ்வழக்கிலே நாம் எக்கட்சி என்பதை மறைக்கவில்லை. நீதிமன்றத்திலே ஒரு சாட்சி, ‘அவையளோடை எங்களுக்குக் கதை பேச்சில்லை’ என்கிறார். அதனை ‘அவர்களுடன் நாங்கள் உரையாடவில்லை’ என்று பதிந்தால், பத்தாண்டுப் பகை ஒரு நாள் மௌனமாகிவிடும். நமக்குப் பேசுவதும் கதைதான், புனைவதும் கதைதான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மக்கள், கதையை வேறொருவர் வாயால் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாமா?

1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வாசகருக்கு அது பெரும் இழப்பு. தடையைப் புகழ நாம் வரவில்லை. எனினும் அவ்விடைவெளியிலே வீரகேசரிப் பிரசுரங்கள் மலிவு விலையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1973இல் பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ வந்தது. தண்ணிமுறிப்புக் குளத்தையும் வயலையும் காட்டையும் அந்த மண்ணின் மக்களையும் அச்சிலே கண்ட வன்னிக் கமக்காரர், தம் பேச்சும் எழுத்தாகும் என்பதை அறிந்துகொண்டனர். செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ கடலோர மக்களின் பேச்சைக் கொண்டுவந்து, பின்னர் திரைப்படமுமாயிற்று. சூடு மிதிக்கிற களத்திலே நெல்லை நெல்லென்னாது பொலி என்கிறோமே, அந்தச் சொல்லை அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது யார்? இயந்திரம் வந்தபின் களம் கொடுக்காது. பாடநூலில் அதற்கு இடமில்லை. ஒரு கதை கொடுத்தால் உண்டு.

இனி, இக்கதைகளை எங்கே வாங்கினோம் என்பதையும் பார்ப்போம். யாழ்ப்பாணத்திலே பஸ் நிலையத்தை அடுத்த பூபாலசிங்கம் புத்தகசாலையை அறியாதவர் இச்சபையில் இரார். சந்தைக்குப் புகையிலையும் வெங்காயமும் கொண்டுபோனவர், திரும்பும் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் ஒரு சஞ்சிகையை வாங்கி மடித்துச் சால்வைக்குள் வைப்பார். சட்டம் படிக்கக் கொழும்பு சென்றபோது நாமும் செட்டியார் தெருவிலே சாப்பாட்டுக் காசைப் புத்தகக் கடையில் கொடுத்ததுண்டு. கடையைத் தேடி வாசகன் போனதுபோல, வாசகனைத் தேடி நடந்தவரும் இருந்தார். ‘மல்லிகை’ ஆசிரியர் டொமினிக் ஜீவா, 1966இல் தொடங்கிய தம் இதழைத் தாமே கையில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். முடிதிருத்தும் நிலையத்திலிருந்து இலக்கியம் வளர்த்த அப்பெருமகன் 2021இல் மறைந்தார்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97 ஆயிரம் நூல்கள் சாம்பலாயின என்பர். அதே நாட்களிலே பட்டினத்துக் கடைகளும் பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. அதைச் செய்தவர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் இந்நிலையத்தின் அறிக்கையிலே உள்ள அந்தக் கோட்டை எந்தப் பகைவரும் வந்து கீறவில்லை.

விலை ஏறிவிட்டது என்பது உண்மை. 2022இல் நாணயம் விழுந்தபோது கடதாசியின்றிப் பரீட்சைகளே தள்ளிப்போயின. இன்றும் முந்நூறு இந்திய ரூபா விலையுள்ள நூல், நாணய மாற்றினால் மட்டுமே ஆயிரம் ரூபாவைத் தொடுகின்றது, ஏற்றுகூலி வேறு. இதிலும் ஒரு வேதனை உண்டு. நம் எழுத்தாளர் பலரின் நூல்கள் இன்று சென்னையிலே அச்சாகின்றன. வன்னியிலே நடந்த கதை, வன்னியான் எழுதிய கதை, சென்னையில் அச்சேறிக் கொழும்புத் துறைமுகம் வழியாக இறக்குமதிப் பண்டமாக வன்னிக்குத் திரும்புகின்றது. இங்கே அச்சிட்டால் முந்நூறு பிரதிகூட விற்காது என்று அச்சகத்தார் சொல்லுகிறார்கள். அவர்களைக் குறைகூற நம்மால் இயலாது, வாங்காதவர் நாமே.

ஆதலின் நாம் வேண்டுவது இதுதான். நிலையத்தின் விளையாட்டு ஒதுக்கிலே கை வைக்கவேண்டாம். இளைஞர் எம்மை மன்னிக்கமாட்டார்கள். ஒவ்வொரு போகத்திலும் அறுவடை முடிந்தபின், கோயிலுக்கு நெல் அளப்பதுபோல, விரும்பிய கமக்காரர் ஒரு மரக்கால் நெல்லை இந்நிலையத்துக்கும் அளக்கட்டும். அந்த நெல்லை விற்ற பணத்தில், இந்நாட்டவர் எழுதிய கதை நூல்களையே முதலில் வாங்குவோம். கடைக்காரரிடம் நேரே சென்று பணம் கொடுத்து வாங்குவோம். இலவசப் பிரதி தரும்படி எழுத்தாளரைக் கேட்கும் வழக்கத்தை, நம் சங்கங்கள் அனைத்தையும் பிடித்த அந்த நோயை, இந்த ஊரிலாவது விட்டுவிடுவோம்.

மறுத்த பெரியவரையே இந்தப் பிரேரணையை வழிமொழியுமாறு பணிவுடன் அழைக்கின்றோம். நாம் வரும்போது பட்டினத்திலே வாங்கிய பன்னிரண்டு நூல்கள் அந்தக் காகிதப் பெட்டியில் இருக்கின்றன. பற்றுச்சீட்டும் உள்ளே உண்டு. பதிவேட்டில் அவற்றைச் சேர்த்து இன்றிரவே இரவல் கொடுக்கச் செயலாளரை வேண்டுகின்றோம். முதலாவது நூலை எடுத்துச் செல்ல, பின்வரிசையில் இருக்கும் அந்தத் தங்கச்சி அப்போதிருந்தே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.